ஒன்பது தப்பு, ஐந்து இலவசம்

என் மாமனார் கனடாவுக்கு வரக் கூடாது என்று நான் தீர்மானித்தது ஒரு பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. என் மனைவி மெர்லிண்டா பள்ளிப் பேருந்தை ஓட்டக் கிளம்பும் நேரம் அது. அவளுக்கு ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் ரொட்டி. இரண்டு கையும் நிறைந்திருந்தும் என் தலையில் குண்டைப் போட்டாள்.

"ஏங்க, அப்பாவை இங்க கூப்பிட்டுக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா. எத்தனை நாளைக்கு?"

"அஞ்சு வருஷம்."

நான் காபியை ஒரே மடக்கில் விழுங்கினேன். அது கொதித்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"அஞ்சு வாரமா?"

"வருஷம். பெத்தவங்களுக்குன்னு தனி விசா இருக்கு. ஒரு தடவை வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் தங்கலாம். அம்மா போனதுலேருந்து அங்க ஊர்ல, இலோய்லோல ஒத்தையாத்தானே கெடக்கார்? என்ன, முகம் ஒரு மாதிரி போகுது?"

"காபி சூடு."

தப்பாக நினைக்காதீர்கள். என் மாமனார் அன்செல்மோ கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார். கோபப்பட மாட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். அதுதான் பிரச்சினை. கெட்ட மாமனாரைச் சமாளிக்க உலகத்தில் ஆயிரம் வழி இருக்கிறது. நல்ல மாமனாரைச் சமாளிக்க ஒன்றுகூடக் கிடையாது.

அவர் நாற்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். நான் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். லூனன்பர்க் பக்கம் எங்கள் படகுத்துறைக்கு வந்தால் 'ஸிங்க் படகு எஞ்சின் பணிமனை' என்ற பலகையைப் பார்க்கலாம். ஸிங்க் என்பது எங்கள் குடும்பப் பெயர். படகுத் தொழிலுக்கு ராசியான பெயர் இல்லைதான். ஆனால் நான்கு தலைமுறையாக மூழ்காமல் ஓட்டிவிட்டோம்.

முன்பு ஒருமுறை அவர் மூன்றே வாரம் வந்திருந்தார். முதல் வாரம் சமையலறைக் குழாயைச் சரி செய்தார். அந்தக் குழாய் ஒழுகாமல் இருக்க வேண்டுமானால் சுவரையே இடிக்க வேண்டும் என்று நான் பதினோரு வருஷமாக மெர்லிண்டாவிடம் சொல்லி வந்தேன். அவர் ஒரு வாஷரை மாற்றினார். அதுவும் என் கடையிலிருந்தே எடுத்துவந்த வாஷர். இரண்டாம் வாரம் பின்கதவு, மாடிப்படி, துணி உலர்த்தும் இயந்திரம். மூன்றாம் வாரம் வீட்டில் வேலை தீர்ந்துபோய்க் கடைக்கு வந்தார்.

கடையில் பர்ட்டன் கார்க்கமின் எஞ்சின் இருந்தது. பர்ட்டன் லாப்ஸ்டர் பிடிக்கிறவர். எஞ்சின் ஒரு மாதமாக என் மேசையில் கிடந்தது. "நார்வேயிலேருந்து ஒரு பாகம் வரணும்" என்று சொல்லி வைத்திருந்தேன். மாமனார் அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது போல. ஒரு திருகை அரைச் சுற்றுச் சுற்றினார்.

"இப்ப போட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்றார்.

போட்டேன். ஓடியது. பின்னால் பர்ட்டன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் துறையில் செய்தித்தாள் கிடையாது. பர்ட்டன் இருக்கிறார்.

மூன்று வாரத்துக்கே இந்த நிலைமை. ஐந்து வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

'வேண்டாம்' என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கு மெர்லிண்டாவைத் தெரியாது. அவள் பேருந்தில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அவள் திரும்பிப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். கடைசி வரிசையில் பக்கத்துப் பையனின் குல்லாவை உருவப் போன கை அந்தரத்திலேயே நிற்கும். வீட்டில் அந்தக் கண்ணாடி கிடையாது. பார்வை மட்டும் உண்டு.

ஆகவே நேர்வழி அடைப்பு. நான் குறுக்கு வழியில் இறங்கினேன்.

"மெர்லிண்டா, விண்ணப்ப வேலை எல்லாம் நானே பார்த்துக்கறேன்."

"நீங்களா?"

"ஏன்? கடை வருமானமும் காட்டணும். நானும் கையெழுத்துப் போடணும். நான் பார்த்தா என்ன?"

"போன வருஷம் வாசல் விளக்கைப் பார்த்துக்கறேன்னீங்க."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த காபிக் கோப்பை அந்தரத்தில் நின்றது. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"சரி. பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தான் போட வேண்டிய கையெழுத்துகளை எல்லாம் அந்த வாரமே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

நான் முதலில் குடியேற்றத் துறை வெளியிட்டிருந்த குறிப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். விண்ணப்பம் தாமதமாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பாருங்கள். புகைப்படத்தின் அளவைச் சரிபாருங்கள். வேற்று மொழிப் பத்திரத்தோடு மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். இப்படி ஒரு பக்கம் முழுக்க. நான் அதைத் தலைகீழாகப் படித்தேன். தாமதம் வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கமே வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தது. இத்தனை வருஷம் கட்டிய வரி வீண் போகவில்லை என்று அன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்பது தப்புச் செய்தேன். சும்மா கிறுக்கவில்லை. யோசித்துச் செய்த தப்புகள். பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டேன். இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டேன். மாமனாரின் குடும்பப் பெயர் சுமகாய்சாய். அதை ஓர் இடத்தில் சுமகாய் என்றும், இன்னோர் இடத்தில் காய்சாய் என்றும் எழுதினேன். சுமந்து, காய்ந்து, சாயப் போகிறவன் நான்தான் என்று அப்போது தெரியாது.

எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. விண்ணப்பம் திரும்பி வந்தால் மெர்லிண்டா முதலில் என்னைத்தான் பார்ப்பாள். தப்புக்கு ஓர் ஆள் வேண்டும். என்னைத் தவிர வேறு ஓர் ஆள்.

அந்த ஆளை எனக்குக் காட்டிக் கொடுத்தது பர்ட்டன் கார்க்கம். படகுத்துறைக் காபிக் கடையில் நான் காகித வேலை கழுத்தை நெரிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஒரு கோ-ஆப் ஆள் வேணும் வெண்டல்" என்றார்.

"கோ-ஆப்பா? அது மளிகைக் கடையாச்சே?"

"அது இல்லப்பா. கல்லூரிப் பசங்க. நாலு மாசம் படிக்கும், நாலு மாசம் எங்கயாவது வேலை பார்க்கும். வேலையும் படிப்புல சேர்த்தி. என் தம்பி மகள் அப்படித்தான் போனா. நீ சம்பளம் கொடுத்தா அதுல ஒரு பங்கு உனக்குத் திரும்பியும் வரும்."

"நல்லா வேலை பார்ப்பாங்களா?"

"சிலது பார்க்கும். சிலது தப்புத் தப்பாப் பண்ணும். படிக்கிற பசங்கதானே, நாமதான் பொறுத்துக்கணும்."

நான் பொறுத்துக்கொள்ள முடிவு செய்தேன். அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போன் போட்டேன்.

கல்லூரியில் இந்தப் பயிற்சி வேலைகளைக் கவனிப்பவர் ரோவீனா வைனாட் என்கிற அம்மாள். அலுவலக நிர்வாகம் படிக்கும் மூன்று பேரின் விவரங்களை அனுப்பினார். முதல் பையன் வகுப்பில் முதல் மாணவன். தூக்கி எறிந்தேன். இரண்டாவது பெண் ஏற்கெனவே ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருந்தவள். தொடவே இல்லை. மூன்றாவது ஜெரோனோ என்ற பெண். கென்யாக்காரி. போன பருவம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்ற இடத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'பயிற்சி வேலைக்கான அனுமதி வரப் பதினோரு வாரம் தாமதம்.'

எனக்குப் புல்லரித்துவிட்டது. தன் விண்ணப்பத்தையே ஒழுங்காக அனுப்பத் தெரியாத பெண். இவளைவிட்டால் என் விண்ணப்பத்தைக் கெடுக்க நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

போனில் பேசினேன்.

"தாமதம் எதனாலம்மா?"

"முதல்ல கல்லூரிக் கடிதத்தை இணைக்க விட்டுட்டேன் சார். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. அப்புறம் ஒரு பக்கத்துல கையெழுத்து. ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு வேலைப் பருவமே போச்சு சார். நான் ரொம்ப அழுதேன்."

"இப்ப அனுமதி வந்துருச்சா?"

"போன வாரம் வந்துருச்சு சார். ஆனா இதைப் படிச்சுட்டு யாருமே என்னைக் கூப்பிடல."

"நான் கூப்பிடறேம்மா. இதெல்லாம் ஒரு குறையா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து வைனாட் அம்மாள் கூப்பிட்டார். "மிஸ்டர் ஸிங்க், உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு" என்றார். நானும் மறுக்கவில்லை.

மே மாதம் முதல் திங்கட்கிழமை ஜெரோனோ வந்தாள். ஒல்லியான பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் ஒரு குறிப்பு நோட்டு.

"எங்கிருந்தும்மா வர்ற?"

"எல்டோரெட் பக்கம் சார். ஓட்டப்பந்தய வீரங்களுக்குப் பேர்போன ஊரு. அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும். நான் ஓட மாட்டேன் சார். நடப்பேன்."

அவள் கையில் விண்ணப்பக் கட்டைக் கொடுத்தேன். "எல்லாம் நிரப்பியாச்சு. நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பிடு. ரொம்ப யோசிக்காதே" என்று சொல்லிவிட்டு, பழுதாகவே கிடந்த ஓர் எஞ்சினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் தலைமாட்டில் ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.

"சார், இதுல பதினாலு தப்பு இருக்கு."

"பதினாலா? நான் ஒன்பதுதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். எஞ்சினிலும் தலையை இடித்துக்கொண்டேன்.

"என்ன சார்?"

"ஒன்பதுக்கு மேல இருக்காதேன்னேன்."

"இருக்கு சார். எண்ணிட்டேன். உங்க வீட்டு முகவரிலயே ரெண்டு தப்பு."

மிச்சமிருந்த ஐந்தும் என் சொந்தத் தப்பு. மனதாரச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

பதினான்கையும் அவள் ஒரே நாளில் திருத்திவிட்டாள். நானும் விடவில்லை. புகைப்படம் கேட்டாள். மாமனார் ஒரு பெரிய சூரை மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தைக் கொடுத்தேன்.

"சார், இதுல மீன் முகம்தான் தெளிவா இருக்கு. விசா மீனுக்கா?"

"அதுல அவர் லட்சணமா இருப்பார்."

"வேணாம் சார். அவருக்கே மெசேஜ் போட்டுட்டேன். நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போறாராம். பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்கச் சொல்லிட்டேன். அடுத்த மார்ச்ல முடியுது. ரொம்பத் தங்கமானவர் சார். என் வீட்ல ஃபேன் ஓடலைன்னு சொன்னேன், வீடியோல பார்த்தே சரி பண்ண வச்சுட்டார்."

விசா வருவதற்கு முன்பே மனிதர் பழுதுபார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து மெர்லிண்டாவின் பிறப்புச் சான்றிதழ். அவள் இவருக்கு மகள் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. நான் அதை ஏற்கெனவே கடையின் இருட்டு மூலையில், எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்த ஓர் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். என் அப்பா காலத்திலிருந்து யாரும் திறக்காத இழுப்பறை.

"அது எங்க இருக்குன்னே தெரியலம்மா. தொலைஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். மணிலாவுக்கு எழுதி வாங்கணும். ஆறு மாசம் ஆகும்" என்றேன் வருத்தத்தோடு.

"இருக்கு சார். முதல் வாரமே எல்லா இழுப்பறையையும் அகர வரிசைல அடுக்கிட்டேனே. 'பி' வரிசைல இருக்கு. பிறப்புச் சான்றிதழ், அதுக்கு அடுத்தது பிஸ்டன் வளையம்."

கடைசியாக என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போடாமல் எவ்வளவு நாள் தள்ள முடியுமோ தள்ளினேன். கையில் கிரீஸ் என்றேன். துடைக்கத் துணி கொடுத்தாள். கண்ணாடி இல்லை என்றேன். என் நெற்றியைச் சுட்டிக் காட்டினாள். ஒரு வியாழக்கிழமை அவள் காகிதங்களோடு கடைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் படகுத்துறைக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். அவள் ஓடவில்லை. நடந்தாள். பர்ட்டனின் படகு அவிழ்க்கப்படும் சமயம். ஒரே தாவில் ஏறிக்கொண்டேன்.

"என்ன வெண்டல், எங்க கிளம்பிட்ட?"

"எஞ்சின் சத்தம் சரியில்ல பர்ட்டன். கடல்ல வச்சுத்தான் பார்க்கணும்."

"உன் மாமனார் தொட்டதுக்கப்புறம் அது பாடுதுய்யா."

படகு கிளம்பவில்லை. பர்ட்டன் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுக் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். துறையின் மேலிருந்து ஜெரோனோ ஏணி வழியாக இறங்கி வந்து, லாப்ஸ்டர் கூண்டு ஒன்றின் மேல் காகிதத்தை விரித்துப் பேனாவை நீட்டினாள்.

"எனக்கும் இப்படி ஒரு கையெழுத்துலதான் சார் மூணு வாரம் போச்சு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது."

அந்தக் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. என்ன செய்வது? போட்டேன். வேண்டுமென்றே கோணலாகப் போட்டேன்.

"உங்க சம்பளக் காசோலைல இருக்கற மாதிரி இல்லையே சார். இன்னொண்ணு போடுங்க. ரெண்டு பிரதி கொண்டு வந்திருக்கேன்."

ஜூன் முதல் வாரம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் மாதம் ஜெரோனோவின் பயிற்சி முடியும் தருவாயில் வைனாட் அம்மாள் கடைக்கு வந்தார். பயிற்சி முடிவில் மாணவி ஓர் அறிக்கை எழுத வேண்டும், முதலாளி ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்கான கூட்டம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மெர்லிண்டாவும் ஒரு பெரிய தட்டில் பான்சித் நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜெரோனோ எழுந்து நின்று அறிக்கையைப் படித்தாள்.

"என் முதலாளி நேராகச் சொல்லிக் கொடுப்பவர் இல்லை. ஒரு விண்ணப்பத்தில் எங்கெங்கே தாமதம் வரும் என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே தப்புகள் வைத்துக் கொடுத்தார். பிறந்த தேதியை மாற்றினார். பத்திரத்தை ஒளித்து வைத்துத் தேட வைத்தார். கையெழுத்துக்காகத் துரத்தவும் வைத்தார். எத்தனை தப்பு வைத்தார் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். நான் கண்டுபிடித்தது பதினான்கு; ஒன்பது என்று அவர் வாயிலிருந்தே தவறி வந்துவிட்டது. என் ஒரு பருவத்தை விழுங்கிய தாமதத்தை வெல்ல எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான்."

வைனாட் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷத்துல இப்படி ஒரு பயிற்சி முறையை நான் பார்த்ததே இல்ல. மிஸ்டர் ஸிங்க், நெஜமாவே வேணும்னுதான் செஞ்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நூடுல்ஸ் தட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல்.

"சொல்லுங்க. வேணும்னேவா, தெரியாமலா?"

மெர்லிண்டா என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்றே என்றால் அயோக்கியன். தெரியாமல் என்றால் முட்டாள். திருமணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனவன் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"தெரியாமத்தான்" என்றேன்.

"என்ன ஒரு அடக்கம்!" என்று வைனாட் அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

"அடக்கமெல்லாம் இல்லீங்க. அடங்கிட்டார்" என்றாள் மெர்லிண்டா. "நூடுல்ஸ் எடுத்துக்கோங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள்தான் வண்டி ஓட்டினாள். மூடுபனியும் அவளும் நானும்.

"மிச்சம் அஞ்சு?" என்றாள் திடீரென்று.

"அது தானா வந்தது."

"அதான பார்த்தேன்."

பிறகு நானே சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

"உங்கப்பா ஊருக்குத் திரும்பிப் போனதுலேருந்து கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் 'மாமனார் எப்ப வருவார்'னுதான் கேக்கறான். நாலு தலைமுறைக் கடை மெர்லிண்டா. அவர் வந்துட்டா அதுல நான் எதுக்கு?"

அவள் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். இந்தத் தடவை கண்ணாடியில் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"அங்க அவர் டிவி ரிமோட்டைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கார் வெண்டல். நல்லா இருக்கற ரிமோட்டை. தினமும். பேச ஆளில்லாம."

நல்லா இருக்கிற ரிமோட்டைப் பிரிக்கும் மனிதரை நினைத்துப் பார்த்தேன். நான் செய்த ஒன்பதும் அப்போதுதான் தப்பாகத் தெரிந்தன.

"மன்னிச்சுக்க" என்றேன்.

"சரி. உங்களுக்கு என்ன, அவர் கடையில கை வைக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அதை நான் பார்த்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விசா செப்டம்பரில் வந்தது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, எந்தக் காகிதமும் கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமான விண்ணப்பத்தை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று ஜெரோனோ போனில் குதித்தாள். அக்டோபரில் ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் மாமனார் வந்து இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க! அந்தப் பொண்ணு எல்லாம் சொல்லிச்சு" என்றார். எனக்கு வேர்த்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் மெர்லிண்டா சட்டத்தை அறிவித்தாள்.

"அப்பா, நீங்க பார்வையாளர் விசாவுல வந்திருக்கீங்க. இங்க வேலை செய்யக் கூடாது. ஜெரோனோகிட்டயும் கேட்டுட்டேன். கடையில ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்மா" என்றார் அவர் பணிவாக.

என் மனைவிமேல் எனக்கு அவ்வளவு காதல் வந்தது அன்றைக்குத்தான். இரண்டு முட்டை அதிகமாகச் சாப்பிட்டேன்.

"ஆனா உட்கார்ந்து பார்க்கலாம். பேசலாம். அதுக்குச் சட்டத்துல தடை இல்ல" என்று முடித்தாள்.

அன்று காலை எட்டு மணிக்குக் கடையின் நடுவில் ஒரு நாற்காலி வந்தது. அதில் மாமனார் உட்கார்ந்தார். சட்டத்தை மீறிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அங்கே ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்த மூணாவது வால்வு இருமுது. கழட்டுங்க."

"அது அப்படித்தான் மாமா இருமும்."

"கழட்டுங்க மாப்பிள்ளை."

கழற்றினேன். பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. அவர் எதையும் தொடவில்லை. கோபப்படவும் இல்லை. வாயைத் திறந்தால் "நல்லா வருது மாப்பிள்ளை, இன்னொரு தடவை பிரிங்க" என்பார். நார்வேயிலிருந்து பாகம் வர வேண்டிய எஞ்சின்கள் எல்லாம் அந்த வாரமே, எந்தப் பாகமும் வராமலேயே ஓடின. சாயந்தரம் வீட்டுக்குப் போனால் கூரையில் தண்ணீர் ஒழுகும் குழாய். ஏணியின் மேல் நான். கீழே நாற்காலியில் அவர். சமையலறை ஜன்னலில் மெர்லிண்டா.

பர்ட்டன் கார்க்கம் வந்து பார்த்தார். "வெண்டல், நீ இவ்வளவு வேலை செய்வேன்னு எனக்குத் தெரியவே தெரியாதுய்யா" என்றார். சாயந்தரத்துக்குள் துறை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவரும் 'மாமனார் எங்கே' என்று கேட்கவில்லை. எல்லாரும் என்னிடமே எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அதைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல மூச்சும் இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மாமனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கல்லூரி மதிப்பீட்டுப் படிவம். 'மாணவர் பெயர்' என்ற இடத்தில் வெண்டல் ஸிங்க் என்று, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது. வேகம்: சுமார். சொன்னதைக் கேட்பது: முன்னேற்றம் தேவை. நேரத்துக்கு வருவது: மகள் கொண்டுவந்து விடுவதால் நன்று.

"இது ஏது?" என்றேன் மெர்லிண்டாவிடம்.

"ஜெரோனோகிட்டக் கேட்டேன். ஒரு கட்டு அனுப்பி வச்சா. அப்பாவுக்கும் பொழுது போகணும் இல்ல?"

மாமனாரிடம் திரும்பினேன்.

"மாமா, கோ-ஆப்னா நாலு மாசத்துல முடிஞ்சிரும், இல்லையா?"

அவர் படிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்பாகச் சொன்னார்.

"முடிஞ்சிரும் மாப்பிள்ளை. பாஸ் பண்ணினா."

இப்போது எனக்கு நாலாவது பருவம் நடக்கிறது.